சில்வியின் தலையைப் பிடித்தது யார்?

சந்தாபுரா
25 ஜனவரி 2025

பெர்னி,

உன் கடிதம் நேற்று கம்பெனி முகவரிக்கு வந்தது. பிரிப்பதற்கு முன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகவரி உன் கையெழுத்துதான். ஆனால் தபால்தலை கோணலாக ஒட்டியிருக்கிறது. நீ எதையும் கோணலாக ஒட்டுகிறவள் இல்லை. சும்மா கேட்கிறேன், தபாலில் போட்டது யார்?

டிசம்பர் முதல் தேதி ஆஸ்டின் டவுன் வீட்டை விட்டு வந்தேன். இன்றைக்கு ஐம்பத்தைந்து நாள். ஆறு மாதம் போன் கூடாது, நேரில் வரக் கூடாது, சொல்ல வேண்டியதெல்லாம் கடிதத்தில் என்று கோயிலில் குடும்ப ஆலோசனை சொல்கிற சிஸ்டர் சரளா நம்மை எதிரெதிரே உட்கார வைத்துச் சொன்னபோது நீ உடனே தலையாட்டினாய். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நான் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை போன் செய்கிறேன் என்று அவரிடம் சொன்னாய். நீ எடுக்காததால்தான் பதினான்கு முறை ஆனது என்பதைச் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில்விக்கு வயிறு பெருத்திருக்கிறது, டாக்டர் சினை என்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய், பால் பாக்கெட் விலை ஏறியதைச் சொல்வது போல. பத்தொன்பது வருடமாக செக்யூரிட்டி கம்பெனியின் நாய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்து எந்த நாயும் பூட்டிய வீட்டுக்குள் இருந்தபடி சினையானதில்லை. நான் இருந்தவரை அவளைச் சங்கிலி இல்லாமல் வெளியே விட்டதில்லை. அப்படியானால் நான் வந்த பிறகு யாரோ கேட்டைத் திறந்திருக்கிறார்கள். யார் வந்தது, யார் போனது? மாடியில் குடியிருக்கிற அமல் உன் வீட்டுப் பக்கம் வருகிறாரா? கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் என்பதால் அவருக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும் என்று இல்லை.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சில்விக்காகக் கேட்கிறேன்.

கிளாரன்ஸ்

*

ஆஸ்டின் டவுன்
30 ஜனவரி 2025

கிளாரன்ஸ்,

தபால்தலையை ஒட்டியது நான்தான். ஒரு வாரத்தில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு ஒன்பது கவுன் தைக்க வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது, பிளாஸ்டர் போட்டிருந்தேன். விரலைப் படம் எடுத்து அனுப்பியிருப்பேன், ஆனால் அது யார் எடுத்த படம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்.

கேட் விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதரைப் பூசைக்குப் போய்விட்டுப் பதினொன்றுக்குத் திரும்பினால் பின்பக்கக் கேட் திறந்து கிடக்கிறது. பின்னால் குப்பை வண்டி போகிற கன்சர்வன்சி சந்தில் சில்வி நிற்கிறாள், கூட மட்டன் கடைக் கறுப்பன். இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்ற நிலையை நான் எழுத வேண்டியதில்லை. பூட்டு உடையவில்லை, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டிவிட்டுப் போனதாகத்தான் எனக்கு நினைவு. ஆனாலும் நாள் முழுக்க என் மேலேயே எனக்குச் சந்தேகம். பதினாறு வருடம் உங்களோடு இருந்ததில் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

அமல் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவருக்கு நாய் என்றாலே பயம்.

இன்னொன்று. அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று மூன்று வருடமாகச் சொன்னது நான். இடுப்பு உடைந்த நாய், மயக்க மருந்து தாங்காது என்று தள்ளிப்போட்டது நீங்கள். இப்போது அதே இடுப்போடு அவள் குட்டி போட வேண்டும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பிரசவம் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. சண்டையை ஓரமாக வைத்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

பெர்னதெத்

*

சந்தாபுரா
5 பிப்ரவரி 2025

பெர்னி,

கேட் விஷயத்தை விட்டுவிடுவோம். நடந்தது நடந்துவிட்டது, அதைக் கிளறி ஒரு பயனும் இல்லை.

பதினைந்தாம் தேதி என்றால் பிப்ரவரி பதினாறு, பதினேழு வாக்கில் போடுவாள். பத்தாம் தேதிக்கு மேல் எக்ஸ்ரே எடுத்து எத்தனை குட்டி என்று எண்ணி வைத்துக்கொள். எண்ணிக்கை தெரியாமல் உட்கார்ந்தால் கடைசிக் குட்டி உள்ளே நின்றுபோனது தெரியாது.

அவள் புகுந்து படுக்கிற அளவுக்கு அட்டைப்பெட்டி ஒன்று, ஒரு பக்கம் தாழ வெட்டியது. நிறையப் பழைய பேப்பர். வெந்நீரில் கொதிக்கவைத்த கத்தரிக்கோலும் நூலும். மெல்லிய துண்டு ஏழெட்டு. பதினான்காம் தேதியிலிருந்து காலையும் மாலையும் அவளுக்கு ஜுரம் பார். தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் வலி வந்துவிடும். சாப்பிட மாட்டாள், நடுங்குவாள், பேப்பரைக் கிழிப்பாள். அதற்கெல்லாம் பதறாதே. குட்டி பையோடு வரும். அவளே கிழிக்காவிட்டால் நீ விரலால் கிழித்து, மூக்கைத் துடைத்து, துண்டால் அழுத்தித் தேய். குட்டி கத்துகிறவரை தேய்ப்பதை விடாதே. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி விழ வேண்டும், அதையும் எண்ணு.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. குட்டி பாதியில் மாட்டிக்கொண்டால் ஒரு ஆள் போதாது. ஒருவர் பின்னால் இருந்து எடுக்க வேண்டும், இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து தலையைப் பிடிக்க வேண்டும். ஈஜிபுரா சிக்னலில் அவள் மேல் கார் ஏறிய நாளிலிருந்து அவள் பின்பக்கத்தில் யார் கை வைத்தாலும் திரும்பிக் கடிப்பாள். உன்னையே இரண்டு முறை கடித்திருக்கிறாள். நகம் வெட்டும்போதெல்லாம் நான் தலையை மடியில் வாங்கிக்கொண்டால்தான் அடங்குவாள், வேறு யாருக்கும் அடங்கியதில்லை. வாயைக் கட்டலாம் என்று நினைக்காதே, வலியில் மூச்சு வாங்குகிற நாய் வாயைக் கட்டினால் பிழைக்காது. அப்படி ஒரு நிலை வந்தால் சிஸ்டரிடம் சொல்லி எனக்குப் போன் செய்யச் சொல். ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இருப்பேன்.

கூப்பிடுவாய் என்று நினைக்கிறேன்.

கிளாரன்ஸ்

*

ஆஸ்டின் டவுன்
18 பிப்ரவரி 2025

கிளாரன்ஸ்,

நேற்று சில்வி குட்டி போட்டாள். எக்ஸ்ரேயில் ஐந்து, வந்தது ஐந்து, உயிரோடு இருப்பது நான்கு. அவள் நன்றாக இருக்கிறாள்.

நீங்கள் எழுதியதைக் கட்டிங் டேபிளுக்கு மேலே சுவரில் குத்தி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலையே ஜுரம் தொண்ணூற்றெட்டரைக்கு இறங்கிவிட்டது. திங்கள் காலை எட்டு மணிக்குப் பேப்பரைக் கிழிக்க ஆரம்பித்தாள். பெட்டிக்குள் படுக்கவே மாட்டேன் என்றாள். கடைசியில் என் தையல் மெஷினுக்கு அடியில், பெடலுக்குப் பக்கத்தில் போய்ச் சுருண்டுகொண்டாள். சரி, உன் இஷ்டம் என்று பேப்பரையெல்லாம் அங்கே கொண்டுபோய்ப் பரப்பினேன்.

பத்து நாற்பதுக்கு முதல் குட்டி, கறுப்பு. பையை அவளே கிழித்துவிட்டாள். பதினொன்று இருபதுக்கு இரண்டாவது, அதுவும் கறுப்பு. தொப்புள்கொடியைப் பொத்தான் தைக்கிற நூலால் கட்டி நான் வெட்டினேன்.  நமக்கு இது வரும் போலிருக்கிறதே என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மூன்றாவதுதான் வந்து நின்றுவிட்டது. முதலில் வெளியே வந்தது இரண்டு பின்னங்கால். முக்குகிறாள், முக்குகிறாள், அதற்கு மேல் வரவில்லை. கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. கண்ணெல்லாம் வெள்ளையாகிப் போய் என்னைப் பார்த்தாள். டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டதற்கு, வந்து சேருவதற்குள் குட்டி போய்விடும் என்றார்.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. துண்டால புடிச்சுக்கோங்க. அவ முக்கறப்ப மட்டும் கீழ்ப்பக்கமா இழுங்க. அவ விட்டா நீங்களும் விட்டுடுங்க."

மெஷின் பல்லில் மாட்டிய துணியை எடுப்பது போலத்தான். வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும், விட்டால் வராது. ஏழு தடவை முக்கினாள், ஏழாவது தடவை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. மூச்சே இல்லை. தேய்த்தேன், தேய்த்தேன், என் கை வலித்தது. "அன்னை மாதாவே, ஒண்ணே ஒண்ணு கத்தச் சொல்லும்மா" என்று சத்தமாகவே சொன்னேன். கத்தியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், கிளாரன்ஸ். எதற்கு அவ்வளவு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான்காவது செத்துத்தான் வந்தது. எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. ஐந்தாவது மூன்று மணிக்கு, அதுபாட்டுக்கு வந்து விழுந்தது. நஞ்சு நான்குதான் எண்ணினேன். ஐந்தாவதை அவள் விழுங்கியிருப்பாள் என்கிறார் டாக்டர்.

நீங்கள் சொல்லிக் கொடுத்தது உதவியது. அதற்கு நன்றி. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு கேள்வியை எடுத்தால் பதில் கிடைக்கிறவரை தூங்காத மனிதர் நீங்கள். கேட் திறந்த தேதியை நான் எழுதினதும் அதை விட்டுவிடுவோம் என்றீர்கள். ஏன்?

பெர்னதெத்

*

சந்தாபுரா
22 பிப்ரவரி 2025

பெர்னதெத்,

நான்கு குட்டி பிழைத்தது கேட்டுச் சந்தோஷம். கால் முன்னால் வந்த குட்டியை முதல்முறை செய்கிற யாரும் உயிரோடு எடுத்து நான் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். மெஷினுக்கு அடியில் சில்வி. பின்னால் நீ, இரண்டு கையிலும் துண்டு. ஏழு தடவை முக்குகிறாள், நீ ஏழு தடவை இழுக்கிறாய். இடுப்பு உடைந்த நாய். தலையைப் பிடித்தது யார்?

நீ அதை எழுதவில்லை. மணியெல்லாம் எழுதியிருக்கிறாய், குட்டியின் நிறம் எழுதியிருக்கிறாய், கோயில் மணி அடித்ததுகூட எழுதியிருக்கிறாய். தலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் திரும்பிக் கடித்தாள் என்றும் இல்லை. உன் கையில் ஒரு கீறல் பட்டிருந்தால் அதை எனக்கு எழுதாமல் விட்டிருப்பாயா? சிஸ்டர் எனக்குப் போன் செய்யவில்லை. நீ என்னைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் தேவைப்படவில்லை. அங்கே ஒரு ஆள் இருந்திருக்கிறான். சில்வி தலையைக் கொடுக்கிற அளவுக்கு அவளோடு பழகினவன். ஒரு நாளில் அந்த நாய் யாருக்கும் பழகாது, மாதக்கணக்கில் ஆகும்.

இனி மறைத்துப் பேசிப் பயனில்லை. எனக்கு டிசம்பரிலேயே தெரியும். நான் வீட்டுக்கு வந்தேன். நீ பூசைக்குப் போயிருந்தாய். அரை மணி நேரம் இருந்தேன். சிஸ்டரிடம் சொல்வதானால் சொல்லிக்கொள். உன் கட்டிலில் உட்கார்ந்து தலையணையை எடுத்து முகர்ந்தேன். அதில் ஒரு ஆம்பளையின் வேர்வை நாற்றம். உன் பவுடர் வாசனை இல்லை, என் மூக்கு பொய் சொல்லாது, பத்தொன்பது வருடம் மோப்ப நாய்களோடு இருந்தவன். இரண்டு மாதமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உனக்கு நஞ்சு எண்ணுவதும் நூல் கட்டுவதும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் யார்? பேரை மட்டும் எழுது.

கிளாரன்ஸ்

*

ஆஸ்டின் டவுன்
27 பிப்ரவரி 2025

கிளாரன்ஸ்,

பேரை எழுதுகிறேன். அதற்கு முன் திங்கட்கிழமை மதியம் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

இரண்டு கால் வெளியே தொங்க நான் துண்டோடு கை வைத்ததும் சில்வி திரும்பிப் பாய்ந்தாள். நீங்கள் சொன்ன அதே மாதிரி. என் மணிக்கட்டில் பல் பட்டது, ஆழமில்லை. என் கத்தல் கேட்டு அமல் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அக்கா, நான் பிடிக்கட்டுமா?" என்றார். சில்வி ஒரு உறுமல்தான் உறுமினாள். அந்த மனிதர் ஒவ்வொரு எட்டுக்கும் இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்விட்டார். உங்களைக் கூப்பிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நீங்கள் வந்து சேர ஒன்றரை மணி நேரம், அந்தக் குட்டிக்குப் பத்து நிமிடம்கூட இல்லை.

அப்போதுதான் எழுந்து போய் என் தலையணை உறையைப் பிரித்தேன். உள்ளே உங்கள் காக்கிச் சட்டை இருந்தது. நவம்பர் முப்பதாம் தேதி டியூட்டி முடித்து வந்து கழற்றிப் போட்டீர்களே, அது. மறுநாள் நீங்கள் போன பிறகு துவைக்க எடுத்தேன், மனம் வரவில்லை. உங்களை அனுப்பச் சொன்னதும் நான்தான், சட்டையைத் தலையணைக்குள் வைத்துப் படுத்ததும் நான்தான். இதை உங்களுக்கு எழுதுவதைவிட நடுத்தெருவில் கத்துவது எனக்குச் சுலபம். அதனால்தான் போன கடிதத்தில் தலையைப் பற்றி எழுதவில்லை.

சட்டையைச் சில்வியின் முகத்துக்கு மேல் போட்டேன். சட்டையின் கை இடுக்கில் மூக்கைச் சொருகிக்கொண்டு அப்படியே கிடந்தாள். ஏழு தடவை இழுத்தேன், ஒரு தடவை திரும்பவில்லை.

அந்த ஆளின் பேர் கிளாரன்ஸ். தலையைப் பிடித்தவரும் அவர்தான். டிசம்பர் பதினைந்தாம் தேதி பழைய சாவியால் பின்கேட்டைத் திறந்து உள்ளே வந்து, போகும்போது பூட்டாமல் போனவரும் அவர்தான். தேதியை நான் எழுதியதும் கேட்டை விட்டுவிடுவோம் என்று சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. அந்த இடுப்போடு அவள் பட்ட பாடும், செத்து வந்த குட்டியும் அந்தத் திறந்த கேட்டால் வந்தது. அதைத் தெரிந்துகொண்டே என்னிடம் யார் வந்தது, யார் போனது என்று கேட்டீர்கள்.

உங்கள் வேர்வையை முகர்ந்துவிட்டு இன்னொருவன் என்று இரண்டு மாதம் கொதித்திருக்கிறீர்கள். நாய்க்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் சரளாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பெர்னதெத்

*

சந்தாபுரா
3 மார்ச் 2025

என் பெர்னி,

உன் கடிதத்தை நாய்க்கூண்டுகளுக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். கூட வேலை செய்கிற சின்னப்பா என்னாச்சு அண்ணா என்றான். கண்ணில் மருந்து பட்டுவிட்டது என்றேன்.

எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட மறுக்கவில்லை. அன்றைக்குத் உடம்பு சரியில்லை என்று கம்பெனியில் பொய் சொல்லி லீவு போட்டு வந்தேன். பூட்டைத் திரும்பப் போட்டால் கிளிக் சத்தம் மாடிக்குக் கேட்கும் என்று பயந்து கேட்டைச் சும்மா சாத்திவிட்டு ஓடினேன். சில்வி என் பின்னாலேயே வந்தாள், உள்ளே போ என்று அதட்டினேன். அவள் ஹீட்டில் இருந்தாள். பத்தொன்பது வருடம் நாய் வளர்த்தவனுக்கு அது கண்ணில் படவில்லை, உன் அலமாரியைத் திறந்து பார்க்கிற அவசரம். முதல் கடிதம் எழுதும்போது கேட்டைப் பூட்டாமல் வந்தது சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. நீ தேதி எழுதிய பிறகு தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. நான் கோழை, பெர்னி.

அந்தச் சட்டையைப் பற்றிப் படித்தபோது இந்த உலகத்தில் என்னை விடக் கொடுத்து வைத்தவனும் இல்லை, முட்டாளும் இல்லை என்று இருந்தது. நீ என்ன தண்டனை சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆறு மாதத்தை எட்டு மாதமாக்கு. சிஸ்டரிடம் நானே போய்ச் சொல்கிறேன். சாவியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். இனி உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டேன். நாளை மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கும்போது அதைத்தான் வாக்காகக் கொடுக்கப் போகிறேன்.

ஒன்றே ஒன்று. சந்தேகத்தில் கேட்கவில்லை, மனதில் ஒன்றும் தங்கக் கூடாது என்பதற்காகத்தான். அன்றைக்குச் சிங்க்கில் இரண்டு காபி டம்ளர் இருந்தது. இரண்டிலும் அடியில் கொஞ்சம் காபி. அது மட்டும் யார் என்று சொல்லிவிட்டால் நான் நிம்மதியாக இருப்பேன்.

உன்
கிளாரன்ஸ்

*

ஆஸ்டின் டவுன்
8 மார்ச் 2025

கிளாரன்ஸ்,

சாவி கிடைத்தது. பூட்டை ஜனவரியிலேயே மாற்றிவிட்டேன்.

சில்வி நன்றாகச் சாப்பிடுகிறாள். நெற்றி வெள்ளைக்காரன்தான் எல்லோரையும் தள்ளிவிட்டு முதலில் பால் குடிக்கிறான். ஏப்ரலில் நான்கையும் நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுவேன், சில்வி என்னோடு இருப்பாள். ஆபரேஷனுக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறவரை நீங்கள் வீட்டுக்கு வருவதை நினைத்துக்கொண்டுதான் படித்தேன். எந்த ரயில், எந்த பஸ் என்றுகூட யோசித்துவிட்டேன். அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பிறகு கடைசிப் பத்தி வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டேன். இஸ்திரி போட்டுப் பார்சலில் அனுப்புகிறேன்.

புதன்கிழமை சாம்பல் வாங்கிய கையோடு சிஸ்டர் சரளாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். ஆறு மாதம், எட்டு மாதம் என்று இனி நாள் குறிக்க வேண்டாம் என்றேன்.  அவர், "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். பதினாறு வருடமாக யோசித்துவிட்டேன் என்று சொன்னேன்.

அந்த இரண்டு டம்ளருக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஒரே வரி. படித்தால் வெட்கப்படுவீர்கள், சட்டைக்கு அழுதது போல அழுவீர்கள், ஒரு வாரம் ரொம்ப நல்ல மனிதராக இருப்பீர்கள். எட்டாவது நாள் வேறொன்று கேட்பீர்கள். அப்படி ஒவ்வொரு வரியாகப் பதில் சொல்லித்தான் இந்த வீட்டில் நான் பாதி ஆளாகிப் போனேன். அதனால் இதற்குப் பதில் எழுதப் போவதில்லை. அது யாருடைய டம்ளர் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளாமலேயே இருக்க வேண்டும், கிளாரன்ஸ்.

பெர்னதெத்